செத்தவளுக்கு விட்ட வழி

மலைப்பாதையின் கடைசி வளைவு முடிந்து வேன் சமதரைக்கு இறங்கியபோது, ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது.

காற்றுக்கு விழுந்த மரமில்லை. அடிமரத்தில் கோடாலி விழுந்த இடம் பச்சையாக ஈரம் கசிந்துகொண்டிருந்தது. தமிழழகன் பிரேக்கை மிதித்தான். பின்னால் மண்ணெண்ணெய் அடுப்பு நகர்ந்து தகரப்பெட்டியில் இடித்தது. குடத்துத் தண்ணீர் தளும்பிப் பலகைக் கட்டிலை நனைத்தது.

"இன்னா மாமா இது?" என்றாள் இசைவாணி.

"மறியல் ஆரம்பிச்சிட்டாங்க போலக்கீது."

வெள்ளிமலை டீக்கடையில் இரண்டு நாளாக பஸ் வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். வண்டி ரிப்பேர் என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அருவிச் சத்தத்தில் ஊர்ச் சத்தம் கேட்குமா என்ன. எண்பத்தேழில் புரட்டாசி பிறந்த வாரம் அது. இட ஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்க மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். இவர்கள் இருவருக்கு மட்டும் தெரியாது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். வேனே வீடு என்று மலையில் சுற்றிவிட்டு வருகிறார்கள்.

அந்த யோசனை தமிழழகனுக்கு ஒரு ஜெர்மன்காரனால் வந்தது. போன வருஷம் மணலூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் வேன் நின்றுபோனது. ஜெர்மனியிலிருந்து ரோட்டு வழியாகவே திருவண்ணாமலைக்கு வந்தவர்களாம். பெல்ட் மாற்றிக் கொடுக்கப் போன தமிழழகன் உள்ளே எட்டிப் பார்த்துத் திகைத்துப் போனான். கட்டில், அடுப்பு, திரைச்சீலை, தொங்குகிற விளக்கு. அந்தம்மா சர்க்கரை இல்லாத காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் ஊரில் கோதுமை வயல் ஓரத்திலும் காட்டு ஓரத்திலும் வேனை நிறுத்தி, புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் பாட்டுக்குச் சமைத்துத் தின்று தூங்குவார்களாம். யாரும் வந்து நீ யாரு, எந்த ஊரு, எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்களாம்.

கடைசியாகச் சொன்னதுதான் இசைவாணிக்குப் பிடித்தது. அந்தக் கேள்விக்குப் பிறந்ததிலிருந்து பதில் சொல்லி அலுத்தவள் அவள். கல்யாணம் முடிந்ததும் தமிழழகன் தன் பழைய மெட்டடாரின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகையைப் போட்டான். அவள் பழைய புடவை ஒன்றைக் கிழித்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் திரை கட்டினாள். நம்ம ஊர் ஜெர்மனி கல்வராயன் மலைதான் என்று கிளம்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அவள் திருக்கோவிலூரில் இருக்க வேண்டும். தகரப்பெட்டியில் நீல வாயில் புடவைக்கு அடியில் அவளுடைய தாலுகா ஆபீஸ் வேலை ஆர்டர் இருந்தது. திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் ஆர்டர் செல்லாது என்று அதிலேயே போட்டிருந்தார்கள். அவள் வம்சத்தில் பேனா பிடித்து உட்காரப்போகிற முதல் ஆள் அவள். அம்மா பெரியம்மாள் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு நட்டு இடுப்பு நிமிராமல் போனவள். 'கோட்டாவுல வந்தவ' என்று காலேஜில் முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் எல்லோருக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று வைராக்கியம் வைத்திருந்தாள்.

இன்றைக்கு ஞாயிறு. மரம் குறுக்கே கிடக்கிறது.

மரத்தடியில் கூட்டமாக ஆட்கள் நின்றார்கள். எவரும் சத்தம் போடவில்லை. கிளைகளை அறுத்து ஒரு வண்டி நுழைகிற அளவுக்குச் சந்து செய்திருந்தார்கள். அந்தச் சந்துக்குக் குறுக்கே நின்ற மாட்டுவண்டியை இரண்டு பேர் பிடித்து உருட்ட, ஒரு ஜீப் மெதுவாக நுழைந்தது.

ஜீப்பின் பின்னால் பலகையில் ஒரு பெண் கிடத்தப்பட்டிருந்தாள்.

இசைவாணி வயதுதான் இருக்கும். நாடிக்கட்டு கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிந்து, நெற்றியில் காசு ஒட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் முழுசாக மூடவில்லை. ஜீப் நகர்ந்தபோது தலை லேசாகத் திரும்பி, அந்த அரைக்கண் இசைவாணியைப் பார்த்துக்கொண்டே போனது போல இருந்தது. மறியலுக்கு வாங்கி வைத்திருந்த துலுக்கச் சாமந்தி மாலையை ஒருவர் ஓடிப்போய் அவள்மேல் போட்டார்.

போட்டவர் பெயர் ஆதிமூலம். தோளில் துண்டு, கையில் இன்னும் ரம்பம்.

"யாருங்க அது?" என்றாள் இசைவாணி.

"செல்லியம்மாளாம். தியாகதுருகத்துக்கு அந்தாண்ட ஊரு. மலை ரோட்டுக்கு ஜல்லி போடற வேலைக்கு வந்த பொண்ணு. காலையில பாம்பு கடிச்சிருக்குது." அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ராத்திரி இத வெட்டிப் போட்டுட்டு வூட்டுக்குப் பூட்டோம்மா. இங்க ஆளே இல்ல. ஜீப்பு இந்தாண்ட மலைப்பக்கம் நின்னுக்கினு ஹாரன் அடிச்சிக்கினே இருந்திருக்குது. நாங்க ஓடியாந்து அறுக்கறதுக்குள்ள முடிஞ்சிடிச்சி."

"எங்கள வுடுங்க. நாளைக்கு நான் வேலையில சேரணும்."

"வண்டி வுட முடியாதும்மா. பொணத்துக்கு வுடுவோம், பிள்ளைத்தாச்சிக்கு வுடுவோம். இனிமே ராத்திரியும் ஆள் போட்டுக் காவல் காத்து வுடுவோம். எங்க புள்ளைங்களும் உன்ன மாதிரி உத்தியோகத்துக்குப் போவணும்னுதான் ரோட்டுல குந்திக்கினு கீறோம்."

"நீங்க கேக்கறது நியாயந்தான். அதுக்கு என் உத்தியோகத்த ஏன் வெட்டிப் போடறீங்க?"

இசைவாணி விடவில்லை. "உயிரோட வந்தவளுக்கு வழி இல்ல. செத்தவளுக்கு வழி வுடறீங்க. நல்லா இருக்குது."

ஆதிமூலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பால் போனார்.

வேனைத் திருப்பிக் கொஞ்ச தூரம் வந்து நிறுத்தினார்கள். ஏரிக்கரை மேல் ஒரு வண்டிப்பாதை போனது. அதில் சுற்றினால் இந்த மரத்தைத் தாண்டிவிடலாம். ஆனால் இன்னும் எத்தனை மரமோ. தமிழழகன் ஸ்டியரிங்கில் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா. நான் பொணமா படுத்துக்கறேன்."

"இன்னா வெளையாடறியா?"

"அடுத்த மரத்துல கீறவங்களுக்கு நம்மளத் தெரியாது. வயித்துல தலகாணி கட்டுனா பொம்பளைங்க தடவிப் பாத்து கண்டுபுடிச்சிடுவாங்க. பொணத்த எவன் தொட்டுப் பாப்பான்?"

"வாயக் கழுவு."

"நீ பொணம் ஏத்தாதவனா? ஆஸ்பத்திரியிலேர்ந்து எத்தினி ஏத்திக்கினு போயிருக்க."

"ஏத்துனதாலதான் சொல்றேன். அதுக்கு மொற கீது. டிரைவர் பின்னாடி திரும்பிப் பாக்கக்கூடாது. கண்ணாடிய மூடிடணும். உள்ள கீறவங்க பேரச் சொல்லக்கூடாது. எறக்குனதும் ஆத்துல வண்டியக் கழுவிட்டுதான் திரும்பிப் பாக்கணும். கழுவறதுக்கு முன்ன பின்னாலேர்ந்து எவ கூப்டாலும் 'இன்னா'ன்னு கேக்கக்கூடாது."

"சரி, அந்த மொறையெல்லாம் செய். யார் வேணான்னா? நான் பின்னாடி கம்முனு கெடக்கறேன்." அவள் சிரித்தாள். "பி.ஏ. படிச்ச பொணம் மாமா. மொதல் தலமொற."

அவன் சிரிக்கவில்லை.

ஏரிக்கரையைச் சுற்றி மீண்டும் ரோட்டில் ஏறிய இடத்தில், தார் மேல் அந்த மாலை கிடந்தது. ஜீப் திரும்பியபோது நழுவி விழுந்திருக்க வேண்டும். இசைவாணி இறங்கி எடுத்தாள்.

"கீழ போடு. பொணத்து மேல கெடந்தத எடுக்கக்கூடாது."

"மாலை இல்லாத பொணத்த நம்புவாங்களா? அவளுக்கு இனிமே இன்னாத்துக்கு?"

தூசியைத் தட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மாலை சில்லென்று இருந்தது. வெயிலில் கிடந்த மாலை அப்படிச் சில்லிட்டிருப்பதை அவள் கவனித்தாள். ஏரிக் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

கரும்புத் தோட்டத்து மறைவில் வேனை நிறுத்தி, தமிழழகன் அவள் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினான். அவசரத்தில் இழுத்ததால் முடிச்சு இறுகிவிட்டது. வெள்ளைத் துணியில் நாடிக்கட்டு. நெற்றியில் மஞ்சளைக் குழைத்து ஒரு காசை ஒட்டினான். தன் மாற்று வேட்டியை மார்பு வரை போர்த்தி, மூச்சு தெரியாதபடி மாலையை விரித்து வைத்தான். டேஷ்போர்டு சாமிக்கு வைத்திருந்த ஊதுவத்தியை எல்லாம் கொளுத்தினான். முன்னால் போய், உள்கண்ணாடிமேல் துண்டைப் போட்டான். திரையை இழுத்துவிட்டான்.

"இனிமே உன் பேரச் சொல்ல மாட்டேன்" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான். "நீயும் என்னக் கூப்டாத."

அடுத்த மரத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. பின்கதவைத் திறந்தார்கள். ஊதுவத்திப் புகை வெளியே போனது. "ஐயோ, சின்னப் பொண்ணு" என்று யாரோ சொன்னார்கள். தலைப்பாகை அவிழ்கிற சலசலப்பு. கட்டைகளை உருட்டுகிற சத்தம். வேன் நகர்ந்ததும் இசைவாணி போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். உயிரோடு இருந்தபோது அவளுக்காக ஒருத்தனும் தலைப்பாகையை அவிழ்த்ததில்லை.

பொழுது சாயும்போது அதற்கடுத்த மரம் வந்தது.

இங்கே கூட்டம் அதிகம். பெண்களும் இருந்தார்கள். பக்கத்தில் குடிசைகள் இருக்க வேண்டும், அடுப்புப் புகை வாசனை வந்தது. பின்கதவு திறந்தது.

"எங்க எட்த்துக்கினு போறப்பா?"

"திருக்கோவிலூருங்க."

"பாதி வழி தாண்டிட்டியே. எறக்கித் திருப்பினியா?"

"தனி ஆளுங்க. எப்படிங்க எறக்கறது."

"அதுக்குன்னு அப்டியே எட்த்துக்கினு போவியா? பாதி வழியில எறக்கி, சுத்தி, தல மாத்தி வெச்சாதான அதுக்கு வூட்டுக்குத் திரும்பற வழி மறக்கும். இல்லன்னா நேரா உன் வூட்டு வாசல்ல வந்து நிக்கும். புடிங்கப்பா."

பலகையோடு அவளைத் தூக்கினார்கள்.

இசைவாணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு காற்றில் ஆடியது. மண்ணில் வைத்தார்கள். மறுபடி தூக்கிச் சுற்றினார்கள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கண்மூடிய இருட்டில் எது மலை, எது ஊர் என்பது அவளுக்குக் குழம்பிப் போனது. மூன்றாவது சுற்றில் அவளுக்கே தன் வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

பெண்கள் ஒப்பாரி எடுத்தார்கள். யாரென்றே தெரியாத ஒருத்திக்காக அப்படி அழுதார்கள். இசைவாணிக்கு வெட்கமாக இருந்தது.

"வாய்க்கரிசி போடுங்கடி. நம்ம பொண்ணா நெனச்சி போடுங்க."

அரிசி உதட்டில் விழுந்து கன்னத்தில் வழிந்தது. ஒருத்தி. இன்னொருத்தி. எல்லாம் நாடிக்கட்டின் மேலேயே உருண்டு போனது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

அப்போது ஒரு கை வந்தது.

சில்லென்ற கை. ஜல்லி அள்ளிக் காய்த்துப்போன விரல்கள். அவை நாடிக்கட்டைக் கீழே தள்ளின. உதட்டைப் பிரித்தன. பல்லைப் பிரித்தன. கைநிறைய ஈரப் பச்சரிசியை நாக்குக்கு அடியிலும் தொண்டைக்குள்ளும் திணித்தன. அரிசியில் குழிமண் வாசனை அடித்தது.

காதருகே ஒரு மூச்சு. அந்த மூச்சில் சூடு இல்லை.

"எனக்கு வழி வுடல. உனக்கு வுட்டாங்க."

அவள் கண்ணைத் திறக்க முயன்றாள். இமை அசையவில்லை.

"நீ படுத்துக்க. நான் போறேன்."

பலகை மேலே எழும்பியது. இந்த முறை தலையை மாற்றி, கால் முன்னாலும் தலை பின்கதவுப் பக்கமுமாக உள்ளே தள்ளினார்கள். கதவு சாத்தப்பட்டது.

வேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதலில் துப்பத்தான் பார்த்தாள். நாக்கு புரளவில்லை. பயந்து மரத்துப் போயிருக்கிறேன், கொஞ்ச நேரத்தில் சரியாகும் என்று சொல்லிக்கொண்டாள். படித்தவள். இதற்கெல்லாம் காரணம் இருக்கும். கையைத் தூக்கப் பார்த்தாள். கை அவளுடையது போலவே இல்லை. ஈரச் சாக்கு மாதிரிப் பலகையில் கிடந்தது.

முன்னால் சீட்டு கிறீச்சிட்டது. டிரைவர் சீட்டு இல்லை. பக்கத்து சீட்டு.

"ஏன் முன்னாடி வந்துட்ட?" என்றான் தமிழழகன் தணிந்த குரலில். "எவனாச்சும் பாத்துடப் போறான்."

"இனிமே மரம் இல்ல மாமா."

அது இசைவாணியின் குரல்.

அவளுடைய குரலேதான். 'மாமா' என்பதில் கடைசி எழுத்தை இழுக்கிற அந்த இழுப்புகூட. ஆனால் இசைவாணி வாய் திறக்கவில்லை. வாய்நிறைய அரிசியோடு பின்னால் கிடந்தாள்.

"எப்டி அவுத்த? நான் கட்டுன முடிச்சு எனக்கே அவுக்க வராதே."

"அவுந்துடிச்சி."

"பயந்துட்டியா? கையி இன்னா இப்டி சில்லுன்னு கீது?"

"ஏரிக்காத்து."

வேன் பள்ளத்தில் இறங்கி ஏறியது. திரை அசைந்தது. இசைவாணியின் கால்கள்தான் இப்போது முன்பக்கம். தலை பின்னால். அவளால் எதையும் பார்க்க முடியவில்லை. சாமந்தி வாசனை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. வாடி, அழுகி, இனித்து.

தொண்டையில் அரிசி ஊறி உப்பத் தொடங்கியது.

அவள் துணிச்சலுக்குப் பெயர் எடுத்த பெண். காலேஜ் ஆஸ்டலில் சாப்பாட்டில் புழு என்று வார்டன் மேசையில் தட்டைக் கவிழ்த்தவள். அந்தக் கோபம் எங்கேயோ அடிவயிற்றில் இன்னும் இருந்தது. அதையெல்லாம் திரட்டி ஒரு சத்தம் எழுப்பினாள்.

"மா... மா..."

முன்னால் பேச்சு நின்றது.

"பின்னாடி யாரோ கூப்ட்ட மாதிரி இருந்திச்சி" என்றான் தமிழழகன். அவன் குரல் உடைந்திருந்தது.

"திரும்பாத."

"இல்ல, குரலு..."

"நீதான சொன்ன. எவ கூப்டாலும் கேக்கக்கூடாதுன்னு."

"பின்னாடி யாரு கீறா?"

"பொணம்."

அவன் திரும்ப மாட்டான். இசைவாணிக்குத் தெரிந்துவிட்டது. முறை தவறாத டிரைவர். அவள்தான் அந்த முறையெல்லாம் செய் என்றாள். அவன் அவளைக் காப்பாற்றுவதற்காகவே அவளைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போகிறான். வேன் வேகமெடுத்தது.

"வூட்டு சாவி எங்க மாமா?" என்றது அந்தக் குரல்.

"உன் இடுப்புலதான் கீது."

"ஆமா. மறந்துட்டேன்."

ஏதோ ஒன்று திரைக்கு அடியில் நுழைந்து, கட்டியிருந்த அவள் கால்கள்மீது ஊர்ந்து, இடுப்புச் செருகலில் தேடியது. விரல்கள். சாவி போனது. பிறகு தகரப்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

பெட்டி. ஆர்டர்.

அந்தக் கணத்தில் அவளுக்குப் பயம் பின்னால் போய்விட்டது. என் வேலை. என் அம்மா இடுப்பொடிந்து வாங்கிக் கொடுத்த வேலை. கட்டிய இரண்டு காலையும் சேர்த்து, உயிரில் மிச்சமிருந்ததை எல்லாம் வைத்து உதைத்தாள்.

அடுப்பு உருண்டது. மண்ணெண்ணெய் கொட்டி வாசனை குப்பென்று ஏறியது. கடைசி மரத்தில் பெண்கள் கொளுத்திச் செருகிய ஊதுவத்தி அவள் பக்கத்தில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

தமிழழகன் நிறுத்தினான். நெருப்புக்கு மட்டும் எந்த முறையும் இல்லை.

தென்பெண்ணை ஓரம். தண்ணீர் ஓடுகிற சத்தம் பின்கதவு வழியே கேட்டது. அவன் வண்டி கழுவுகிற வாளியோடு இறங்கி ஓடினான். திரும்பி வந்து பின்கதவைத் திறந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஒரு வாளி ஆற்றுத் தண்ணீரைக் கண்ணை மூடியபடியே உள்ளே வீசினான்.

தண்ணீர் அவள் முகத்தில் அறைந்தது.

இசைவாணி இருமினாள். இருமி, புரண்டு, அரிசியைக் கொத்துக் கொத்தாக வெளியே கக்கினாள்.

அவன் கண்ணைத் திறந்தான். அவன் கட்டிய முடிச்சு அவள் கால் விரலில் அப்படியே இருந்தது. நாடிக்கட்டு கழுத்தில் கிடந்தது. நெற்றிக்காசு இடம் மாறாமல் ஒட்டியிருந்தது.

"வாணி..." என்றான். "நீ முன்னாடி... இப்பதான எங்கூட பேசிக்கினு..."

இருவரும் முன்னால் போய்ப் பார்த்தார்கள். பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. சீட்டு தெப்பலாக நனைந்திருந்தது. அங்கே அவன் தண்ணீர் வீசவே இல்லை. இசைவாணி கழுத்தைத் தடவினாள். மாலையைக் காணோம்.

தகரப்பெட்டியில் நீலப் புடவை இல்லை. ஆர்டரும் இல்லை.

அன்றிரவு திருக்கோவிலூர் வந்து சேர்ந்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. பாய் விரித்து இரண்டு தலையணை போட்டிருந்தது. ஒன்றில் மட்டும் ஈரத்தலை படுத்த வட்டம். தமிழழகன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே வா என்று அவள் கூப்பிட்டபோது, அவன் திரும்பிப் பார்க்காமல் கொஞ்ச நேரம் யோசித்தான். அந்தக் கொஞ்ச நேரம் இசைவாணிக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

விடிந்ததும் பழைய புடவையைக் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் வாணி. போவாத. ஆர்டரே இல்லாம இன்னா சொல்லுவ?"

"காணாப் பூடுச்சின்னு சொல்லுவேன். பேரு அவங்ககிட்டயும் இருக்கும்ல. என் எடம் மாமா அது."

தொண்டை கரகரத்தது. எவ்வளவு கக்கியும் நாக்குக்கடியில் ஏதோ நெருடிக்கொண்டே இருந்தது.

ஆபீஸ் கேட்டில் காக்கிச் சட்டை போட்ட பியூன் பச்சமுத்து ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மனு குடுக்கறவங்க அந்தாண்ட போய் நில்லும்மா."

"மனு இல்லீங்க. வேலையில சேர வந்திருக்கறேன். பேரு இசைவாணி."

பச்சமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாம்மா சொல்ற? அந்தப் பொண்ணு வந்து சேந்து எவ்ளோ நேரம் ஆவுது. நான் கேட் தொறக்க வரும்போதே இருட்டுல நின்னுக்கினு இருந்திச்சி. மரமெல்லாம் தாண்டி எப்டிம்மா வந்தன்னு கேட்டேன். வழி வுட்டாங்கன்னு சொல்லிச்சி." டம்ளரை மறுபடி எடுத்தார். "நல்ல பொண்ணு. கையிதான் பாவம், கல்லு மாதிரி காய்ச்சிக் கீது."

இசைவாணி ஜன்னலுக்கு ஓடினாள். கம்பிகளுக்கு நடுவே உள்ளே பார்த்தாள்.

ஓரமாக ஒரு மேசை. அவளுக்கான மேசை. அதில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நீல வாயில் புடவை. ஈரம் சொட்டும் தலையில் துலுக்கச் சாமந்தி. நாற்காலிக்கு அடியில் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தேங்கி, மெல்ல வாசலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

உள்ளே எங்கிருந்தோ அதிகாரி கூப்பிட்டார்.

"இசைவாணி."

"வந்துட்டேங்க ஐயா" என்றாள் மேசையில் இருந்தவள். எழுந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது நான் இல்லை, நான் இங்கே நிற்கிறேன் என்று கத்துவதற்காக இசைவாணி வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. பச்சரிசிதான் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.